எடை குறைந்தபின் வரும் வருஷங்கள்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபையார் கலைந்து சென்றபின்பு, ஒரு தகப்பனாரும் தாயாரும் தங்கள் மகளோடு என்னைக் காணக் காத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் சிறு வியாபாரத்தில் காலூன்றிய குடும்பம் அது. மகளுக்கு டெக்னோபார்க்கில் வேலை, வயது இருபத்தாறு. மூன்று வரன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. "பிள்ளை நல்ல பிள்ளை, விசுவாசமுள்ள பிள்ளை, ஆனால் சரீரம் கொஞ்சம்..." என்று மூன்று வீட்டாரும் ஏறக்குறைய ஒரே பேச்சையே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சிறிதாக்கி விடலாமாம், பாஸ்டர் ஐயா. ஜனவரியில் முடித்துவிட்டால் மே மாதத்தில் கலியாணம் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஜெபித்துக் கொடுங்கள்" என்றார் தாயார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபித்தேன். ஆனால் எதற்காக ஜெபிக்கிறேன் என்பதை நான் அறியவில்லை என்னும் உறுத்தல் அன்று இரவு என்னை விடவில்லை. வேதாகமக் கல்லூரியில் எனக்கு கிரேக்கு கற்றுக்கொடுத்தார்கள். இரைப்பையைப் பற்றி ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகையால் நமது சபையிலுள்ள மருத்துவ சகோதரர்களிடம் கேட்டும், அவர்கள் கொடுத்ததை வாசித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். சபையில் வேறு பலரும் இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது பின்புதான் எனக்குத் தெரியவந்தது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டில் நமது நகரத்தில் ஒரு இளம் பெண் வயிற்றுக் கொழுப்பை நீக்கும் சிகிச்சைக்குச் சென்று, கிருமித் தொற்று ஏற்பட்டு, கைவிரலும் கால்விரலுமாக ஒன்பதை இழந்த செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்தோம். அந்தச் செய்தி வந்த வாரம், "எடை குறைக்கப் போன பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்தீர்களா?" என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அது தோலுக்கடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை. நாம் பேசுகிற பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை அதுவன்று. இது இரைப்பையையும் குடலையும் மாற்றியமைப்பது. கொழுப்பை உறிஞ்சுவதால் சர்க்கரை வியாதி குணமாவதில்லை. இரைப்பையை மாற்றுவதால் பலருக்கு அது தணிகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயப்படுவதும் தவறு, ஒன்றாக எண்ணித் துணிவதும் தவறு.

இதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; மிஞ்சுவது ஒரு குழாய் போல இருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் வெட்டி எறியப்படும் பகுதியில்தான் உண்டாகிறது. ஆகையால் பசியும் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் என்னும் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவு பையை மாத்திரம் பிரித்து, சிறுகுடலின் முதற்பகுதியை விலக்கி, அதற்குக் கீழே கொண்டுபோய் இணைத்துவிடுகிறார்கள். இதை 1966-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் தொடங்கினார்.

அதற்கும் முன்பு, 1950-களில், சிறுகுடலின் பெரும்பகுதியையே விலக்கிவிடும் ஒரு முறை இருந்தது. எடை மளமளவென்று குறைந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகள் சென்றபின்பே ஈரல் பழுதடைவதும், சிறுநீரகத்தில் கல் உண்டாவதும் தெரியவந்தன. 1980-ஐ ஒட்டி அந்த முறையைக் கைவிட்டார்கள். இன்று செய்யப்படுபவை அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆயினும் முதல் இரண்டு ஆண்டுகளைப் பார்த்து முழு ஆயுசையும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு அந்த வரலாறு சாட்சியாயிருக்கிறது. இப்போது நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ், தனிச் சிகிச்சையாகப் பரவியது 2000-க்குப் பின்புதான்.

மேஜையிலேயே மரணம் நேரிடுமோ என்றுதான் எல்லாரும் முதலாவது கேட்கிறார்கள். நேரிடக்கூடும். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது வாலிபன் ஒருவன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்காகச் சேர்ந்து மரித்துப்போனான். தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எனினும் அனுபவமுள்ள இடங்களில் அப்படி நேர்வது அரிது. நம்முடைய பயமெல்லாம் அந்த ஒரு நாளின்மேல் இருக்கிறது. அதற்குப் பின்பு வரும் முப்பது, நாற்பது வருஷங்களைக் குறித்து யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் எழுத விரும்புவது அதைப் பற்றியே.

கூட்டிக் கொடுக்கப்பட்ட வருஷங்கள்

நியாயமாய்ப் பேசுவோமானால், இதனால் உண்டாகும் நன்மையை முதலில் சொல்லவேண்டும். ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2010 பேரையும், அதே அளவு பருமனுள்ளவர்களாயிருந்தும் செய்துகொள்ளாத 2037 பேரையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்தார்கள். ஆனாலும் நாட்டின் பொது ஜனங்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆயுசு ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. (அவர்களில் பெரும்பாலோர்க்குச் செய்யப்பட்டது பழைய முறைகள், ஸ்லீவ் அதில் இல்லை.)

இதை வாசித்தபோது எனக்கு எசேக்கியா ராஜாவின் நினைவு வந்தது. அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசிதான் (2 இராஜாக்கள் 20:7). மருந்தே பாவம் என்று பேசுகிறவர்கள் அந்த வசனத்தின் அருகே கொஞ்சம் நிற்கவேண்டும். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. கூட்டப்பட்ட அந்த வருஷங்களில்தான் அவன் பாபிலோன் தூதர்களுக்குத் தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினான்; மனாசே பிறந்ததும் அந்த வருஷங்களிலேயே. சுகம் கிடைத்தது ஒரு காரியம்; சுகம் கிடைத்தபின் வாழ்ந்தது வேறொரு காரியம்.

நமது சபையில் ஒரு சகோதரன் உண்டு. 136 கிலோ எடை. இன்சுலின் ஊசி, இரத்த அழுத்தம், படுத்தால் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. முகத்தில் மூடி வைத்து இயந்திரத்தின் உதவியால்தான் தூங்குவார். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு பைபாஸ் செய்துகொண்டார். இன்று 98 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது. இயந்திரம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அவருக்கு நான் அன்று "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் பாவம் செய்திருப்பேன். ஆனால் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஆபரேஷன் ஒரு நாள், மாத்திரை ஒரு ஆயுசு."

நான் கைதட்டிய சாட்சி

அந்த ஆயுசு முழுவதற்குமான மாத்திரையைப் பற்றி ஒரு சகோதரியின் காரியத்தைச் சொல்லவேண்டும். இதில் என் குற்றமும் இருக்கிறது.

அவர் வேறொரு நகரத்தில் பைபாஸ் செய்துகொண்டு, பின்பு கணவனின் வேலை மாற்றத்தினால் இங்கே வந்தவர். ஒரு கன்வென்ஷனில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், விசுவாசமுள்ளவன் மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிவான் என்று முழங்கினார். இந்தச் சகோதரி அப்படியே செய்துவிட்டார். அடுத்த மாதம் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். இரண்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் சாட்சி சொன்னார். இரண்டு முறையும் நானும் கைதட்டினேன்.

மூன்றாம் ஆண்டில் காலில் மரத்துப்போகும் உணர்வு தொடங்கியது. செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடந்து போவார். களைப்பு, மறதி, வெளுத்த முகம். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. நமது மருத்துவ சகோதரர் காரணத்தை எனக்கு விளக்கினார். பி12 இரத்தத்தில் சேருவதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணைசெய்ய வேண்டும். உணவு அந்த இரைப்பையைத் தொடாமல் போகும்போது பி12 சேருவதில்லை. ஆனால் ஈரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருக்கிறது. ஆகையால் மாத்திரையை நிறுத்தினவருக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. நாங்கள் அற்புதம் என்று எண்ணிக் கைதட்டியது, ஈரலிலிருந்த சேமிப்பு கரைந்துகொண்டிருந்த காலத்துக்கு. ஊசி போட்டபின் இரத்தம் தேறியது. காலின் மரமரப்பு முழுவதும் நீங்கவில்லை.

தேவன் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் வெட்டப்பட்ட இரைப்பையை உடைய ஒருவருடைய வைட்டமின் மாத்திரை, வியாதிக்குத் தரும் மருந்து கூட அல்ல. உணவிலிருந்து அவருக்குச் சேராமல் போகிற ஆகாரம் அது. அதை நிறுத்தும்படி சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கும் அதிகாரமில்லை.

பி12 மாத்திரமல்ல. இரும்புச் சத்தும் கால்சியமும் மிகுதியாக உறிஞ்சப்படும் குடற்பகுதியையே பைபாஸ் விலக்கிவிடுகிறது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரத்தசோகையும், வயது ஏற ஏற எலும்பு முறிவும் வரக்கூடும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் உண்டாகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. கடுமையான வயிற்றுவலி வந்தால் கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல், "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லி அவசர சிகிச்சைக்குச் செல்லவேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குடற்புண்ணை உண்டாக்கும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் பெருந்தொல்லை. பின்லாந்தில் 240 பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் உணவுக்குழாயில் புண் காணப்பட்டது. சிலருக்கு அதற்காகவே இரண்டாம் அறுவை சிகிச்சை வேண்டியதாகிறது.

இனி உபவாசம். நம்முடைய ஜனங்களுக்குச் சுவாசம் போன்றது அது. ஜனவரி மாதம் வந்தால் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம். இந்த அறுவை சிகிச்சை ஆனவர்கள் நாள்முழுதும் நீரும் அருந்தாமலிருந்தால், மற்றவர்களைப் போல ஒரே மூச்சில் குடித்து ஈடுசெய்ய அவர்களால் முடியாது. சிறு பையில் அது கொள்ளாது. முக்கியமாக முதல் சில மாதங்களில் வாந்தி தொடர்ந்தாலோ, ஆகாரம் நின்றுபோனாலோ, தயமின் என்னும் பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அதைப் பிசாசின் பிடி என்று எண்ணிக் கைவைத்து ஜெபித்துக்கொண்டு நேரத்தைப் போக்கினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் உண்டாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். உடன் ஊழியர்களே, உபவாசப் பட்டியலில் பெயர் கொடுக்காதவரைச் சபை முன்பாகக் கேள்வி கேட்காதேயுங்கள். அவர் வயிற்றில் என்ன தையல் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

மதுவையும் பற்றிச் சொல்லவேண்டும். "நமக்கு அது எதற்கு?" என்று கேட்பீர்கள். நம் சபைகளில் குடியிலிருந்து விடுதலை பெற்ற சகோதரர்கள் எத்தனை பேர்! பைபாஸ் ஆன சரீரத்தில் மது மிக விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், குடிநோய் உள்ளவர்களின் பங்கு அறுவைக்கு முன் 7.6 சதவீதமாயிருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாக உயர்ந்தது. கேரளத்தார் நேசித்த மரடோனாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் கண்ணூருக்கு அவர் வந்தபோது கூடிய கூட்டத்தை நாடே பார்த்தது. அவர் 2005-இல் பைபாஸ் செய்துகொண்டு மெலிந்தார். 2007-இல் குடியினால் ஈரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தார். எடையும் திரும்பியது, 2015-இல் மறுபடியும் அறுவை சிகிச்சை. ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அடிமைத்தனம் முன்பே இருந்தது. ஆனால் உணவில் ஆறுதல் தேடின ஆத்துமாவுக்கு உணவின் கதவை அடைத்தால், அது வேறு கதவைத் தட்டும் என்பது ஊழியத்தில் நான் கண்ட உண்மை.

மனதின் காரியமும் அப்படியே. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களின் மொத்த மரணம் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் விபத்து, தற்கொலை முதலான, வியாதியல்லாத காரணங்களால் வந்த மரணம் 58 சதவீதம் கூடியிருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 8815 பேரைக் கவனித்ததில், தன்னைத்தான் காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவைக்குப் பின் சுமார் ஒன்றரை மடங்காயிற்று. எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. ஆனால் மெலிந்த பின்பும் துக்கம் போகவில்லையே என்று திகைத்து நிற்கிற அந்தச் சிலருக்காகச் சபை விழித்திருக்க வேண்டும்.

கலியாணத்துக்காகவா?

மறுபடியும் அந்த மகளிடம் வருகிறேன். அவள் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; அவளுக்கு 33.6. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஆசியர்களுக்கு 27.5-க்கு மேலேயே இச்சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். ஆகவே செய்யலாம் என்ற மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, 40-க்கு மேலிருந்தால், அல்லது 35-க்கு மேலிருந்து கடும் வியாதிகளும் இருந்தால், மற்ற வழிகள் தோற்றபின்பே காப்பீடு இதற்குப் பணம் தரும். "செய்யலாம்" என்பதற்கும் "செய்தே ஆகவேண்டும்" என்பதற்கும் நடுவில்தான் இந்தப் பிள்ளை நிற்கிறாள்.

ஜனவரியில் அறுவை, மே மாதத்தில் கலியாணம் என்னும் கணக்கில் பெற்றோர் ஒன்றைக் காணவில்லை. அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிக்க வேண்டாம் என்பது மருத்துவர்களின் ஆலோசனை. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்போ கூடுகிறது. நம் ஊரில் கலியாணமாகி ஆறு மாதத்துக்குள் "விசேஷம் உண்டா?" என்று கேளாத மாமியார் யார்? ஸ்வீடனில் 2015-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்ட தாய்மாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 15.6 சதவீதம், மற்றவர்களில் 7.6 சதவீதம். நன்மையும் உண்டு, விலையும் உண்டு.

மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்வதா என்று தகப்பனார் மெதுவாகக் கேட்டார். சொல்லியே ஆகவேண்டும் என்றேன். நாள்தோறும் மாத்திரை விழுங்குகிற, விருந்தில் நாலு கவளத்துக்குமேல் உண்ண முடியாத ஒரு மருமகள் அதை எத்தனை நாள் மறைப்பாள்? அன்றியும், மெலிந்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்கிற வீட்டில், எடை திரும்பினால் அவள் நிலை என்ன? ஐந்து, பத்து ஆண்டுகளில் ஒரு பகுதி எடை பலருக்கும் திரும்புகிறது. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் போதித்தாரே (லூக்கா 14:28). இங்கே கணக்கில் வரவேண்டியது மருத்துவமனை ரசீது மட்டுமல்ல.

புதிய ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எடை நன்றாகக் குறைகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்புகிறது. அதுவும் ஒரு நெடுங்காலக் கடமைதான்.

"வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவ்வளவு எளிதல்ல. நம் நெய்யாற்றின்கரை தாலுகாவில், சர்க்கரை வரக்கூடிய நிலையிலிருந்த 1007 பேரைக் கொண்டு ஒரு ஆய்வு நடந்தது. பாதிப்பேரை அயலகக் குழுக்களாகக் கூட்டி, உணவும் நடையும் பற்றி ஒருவரையொருவர் தாங்கச் செய்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டில் குழுக்களில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் சர்க்கரை வந்தது. உறுதியாய் வெற்றி என்று சொல்லும் வித்தியாசமல்ல. ஆனால் குழுக்களிலிருந்தவர்கள் காய்கனி கூடுதலாக உண்டார்கள். குடியும் அவர்களிடையே குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 38 சதவீதமும், தமிழகப் பெண்களில் 40 சதவீதமும் எடை கூடியவர்கள். இத்தனை பேரும் பெருந்தீனிக்காரரா? நாள்முழுதும் கணினி முன் இருத்தல், இரவுப் பணி முடிந்து தட்டுக்கடையில் பரோட்டா, பிறந்தநாளுக்குச் சபையிலே கேக், முதல் ஞாயிறு பிரியாணி. ஊழியரான நாங்களும் விதிவிலக்கல்ல. வீடு சந்திப்புக்குப் போனால் பத்து வீட்டில் பத்துத் தேநீர், பத்திலும் சர்க்கரை. வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

அந்த மகளின் கலியாணப் பேச்சை ஆறு மாதம் நிறுத்திவைக்கப் பெற்றோர் சம்மதித்தார்கள். தாயார் அடுக்களையை மாற்றினார். சபைச் சகோதரிகள் இருவர் அவளோடு காலையில் மியூசிய வளாகத்தில் நடக்கிறார்கள். 84 கிலோ 78 ஆகியிருக்கிறது. இரண்டு மாதமாக அதற்குக் கீழே இறங்கவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவள் முடிவு செய்துவிடவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கிறாள். தகப்பனார் என்னையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். முதலில் எழுதியிருப்பது இது: "எனக்கு நாற்பது வயதாகும்போது என்னை யார் பரிசோதிப்பார்கள்?"